ஏப்ரல் விடுமுறையில் நாலு நாடு, முழுக்கக் கோச்சியில்: சரிவருமா?

காரைதீவு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் காரைதீவு. எங்கள் பக்கம் தண்டவாளமே இல்லை. கோச்சியில் ஏறுவதென்றால் முதலில் பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அதனாலோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே கோச்சி என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. இதுவரை வெளிநாடு போனதில்லை. இந்த ஏப்ரல் பள்ளி விடுமுறையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு 12 நாள் போகலாம் என்று யோசிக்கிறேன்.

திட்டம் இதுதான். கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வர டிக்கட். அங்கிருந்து கோச்சியில் சிங்கப்பூர், திரும்பி மேலே பினாங்கு, பாங்கொக், அதற்கும் மேலே லாவோஸில் வியன்டியான். பிறகு அதே வழியில் கோச்சியிலேயே கோலாலம்பூர் வந்து வீடு. வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடு, அழகாக இருக்கிறது. ஆளுக்கு இரண்டரை இலட்சம் சேர்த்து வைத்திருக்கிறோம், விமானச் செலவும் அதற்குள்தான்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது? இரவு வண்டியில் ஒரு பெண் பயமில்லாமல் நித்திரை கொள்ள முடியுமா? அம்மா போட்ட நிபந்தனை ஒன்று: இருட்டில் தெரியாத ஊரில் இறங்கக் கூடாது.

வாகரைப் பெடியன்

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்க அக்கா, பிரச்சினை முடிந்தது. பகிடிக்குச் சொன்னேன். ஆனால் 12 நாளில் நாலு நாடென்றால் ஜன்னலுக்கு வெளியே மட்டும்தான் பார்ப்பீங்க.

பழைய ஸ்டேசன் மாஸ்டர், மட்டக்களப்பு

பிள்ளை, உங்கள் வரைபடத்தில் பிழையில்லை. விசாவில்தான் பிழை இருக்கிறது.

நானும் மனைவியும் 2025 ஆகஸ்டில் இதே வழியில் கோலாலம்பூரிலிருந்து பாங்கொக் வரைக்கும் போனோம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா இ-விசா கேட்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒருமுறை மட்டும் நுழையும் விசா. உங்களுக்கும் அப்படித்தான் வந்தால், நீங்கள் சிங்கப்பூருக்குப் போகும் நிமிடமே அது முடிந்துவிடும். திரும்பி பினாங்குக்கு எப்படி ஏறுவீர்கள்? அதையும் எப்படியோ தாண்டினாலும், தாய்லாந்திலிருந்து கோலாலம்பூருக்குத் திரும்ப இன்னொரு விசா வேண்டும். போய்வர டிக்கட் மலிவென்று வாங்கிவிட்டு எல்லையில் நின்று அழாதீர்கள். போகும்போது கோலாலம்பூரில் இறங்குங்கள், வரும்போது பாங்கொக்கில் ஏறுங்கள். தனித்தனி டிக்கட்டாகப் போட்டால் காசு கொஞ்சம் கூடலாம். ஆனால் போன வழியிலேயே திரும்பி வரும் இரண்டு நாளும் அதற்கான கோச்சிக் காசும் மிச்சம்.

அதனால் சிங்கப்பூரை வெட்டுங்கள். அங்கே கோச்சி என்று இருப்பது ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்து நிமிட ஓட்டம் மட்டும். தஞ்சோங் பகாரில் இருந்த பழைய ஸ்டேசனை 2011இலேயே மூடிவிட்டார்கள். லாவோஸை வெட்டச் சொல்ல எனக்கே மனமில்லை. 2024 ஜூலையிலிருந்து பாங்கொக்கில் ஏறினால் வியன்டியானிலேயே இறங்குகிற இரவு வண்டி ஓடுகிறது. ஆனால் போக ஓரிரவு, வர ஓரிரவு, அதற்கு விசா வேலை தனி. முதல் பயணத்துக்கு இரண்டு நாடு தாராளம்.

தாய்லாந்துக்கு நாங்கள் போனபோது விசா இல்லாமல் விட்டார்கள். அந்த விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கட் போடுமுன் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி மாதம். ஏப்ரல் வேண்டாம். நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாட்களில்தான் தாய்லாந்தில் சொங்கிரான் என்ற புத்தாண்டு, 13 முதல் 15 வரை. பாங்கொக்கில் வேலை செய்கிற சனமெல்லாம் ஊருக்குப் போகும். நம்மூரில் வருடப்பிறப்புக்கு முதல் நாள் கோட்டையில் கோச்சி ஏறிப் பார்த்திருந்தால் உங்களுக்கே விளங்கும். படுக்கை டிக்கட் கிடைக்காது. டிசம்பர் விடுமுறையும் சரியில்லை. தென் தாய்லாந்தின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒரே மாரிதான், வடகீழ்ப் பருவக்காற்று. நாங்கள் வந்து மூன்று மாதத்தில், 2025 நவம்பரில், நாங்கள் தேநீர் குடித்த ஹட்யாய் நகரம் வெள்ளத்தில் கிடந்ததைச் செய்தியில் பார்த்தோம். அதே மாதக் கடைசியில் நமக்கு டித்வா புயல். ஆக மிஞ்சுவது ஆகஸ்ட். பாங்கொக்கில் பின்னேரத்தில் மழை வரும், குடை இருந்தால் போதும். அரசாங்க ஆசிரியர் என்றால் வெளிநாட்டு லீவு அனுமதிக்கு வெள்ளணவே எழுதிப் போடுங்கள், விடுமுறைக் காலம் என்றாலும் அது வேண்டும்.

கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் ஸ்டேசன் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில். வெளியே வந்தால் காதில் தமிழ். மலாயா ரயில்வேயை வெள்ளைக்காரன் நடத்திய காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்காகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் எத்தனையோ பேர் போனார்கள். அவர்களின் வழிவந்த இலங்கைச் சைவர்களின் கந்தசுவாமி கோயில் அங்கேதான் இருக்கிறது. நான் அங்கே போய்க் கும்பிட்டது முருகனை மட்டுமல்ல, என் தொழிலின் மூத்தவர்களையும் என்று மனைவி இன்னும் பகிடி பண்ணுகிறாள்.

அங்கிருந்து ஈ.டி.எஸ். மின்சார வண்டியில் நாலு மணித்தியாலம் அளவில் பட்டர்வொர்த். ஸ்டேசனிலிருந்து நடந்துபோய்ப் படகு ஏறினால் பினாங்கு. இரண்டு இரவு தங்குங்கள். பிறகு பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் வண்டியில் எல்லைக்கு, பாடாங் பெசாருக்கு, இரண்டு மணித்தியாலம். காசு பத்துப் பன்னிரண்டு ரிங்கிட்தான். ஒரே ஸ்டேசன் கட்டடத்துக்குள் மலேசியக் குடியகல்வும் தாய்லாந்துக் குடிவரவும் இருக்கின்றன. பொதியை இழுத்துக்கொண்டு பாலம் தாண்டுகிற வேலையெல்லாம் இல்லை.

இங்கேதான் எனக்கு மானம் போனது. பாங்கொக் வண்டி ஐந்து மணிக்கு என்று கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். ஐந்தானது, ஐந்தேகாலானது, வண்டியைக் காணவில்லை. முப்பது வருடம் சனத்துக்கு ‘தாமதம்’ என்று அறிவித்தவன் அல்லவா, அங்கே நின்று தாய்லாந்து ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி போனைக் காட்டினாள். தாய்லாந்து நேரம் மலேசியாவுக்கு ஒரு மணி பின்னால். அங்கே அப்போதுதான் நாலேகால். வடக்கே போகும்போது ஒரு மணி காத்திருப்போம், அவ்வளவுதான். இதே பிழையைத் தெற்கே வரும்போது விட்டால் வண்டி போய்விடும்.

அந்த வண்டி பின்னேரம் புறப்பட்டு மறுநாள் காலையில் பாங்கொக்கின் குருங் தெப் அபிவத் ஸ்டேசனில் விடும். பழைய வழிகாட்டிகளில் ஹுவா லம்போங் என்று இருக்கும். 2023 ஜனவரியில் தூர வண்டிகளை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். அம்மாவின் நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. விடுதிக் காசும் ஓரிரவு மிச்சம். இரண்டாம் வகுப்புப் படுக்கை ஆயிரம் பாட் சுற்றி வரும். பணியாளரே வந்து மெத்தை விரித்து, திரை போட்டுத் தருவார். கீழ்த்தட்டு அகலம், காசும் கொஞ்சம் அதிகம். நீங்கள் கீழே, தம்பி மேலே. 2014இலிருந்து தாய்லாந்துக் கோச்சிகளில் மதுவும் தடை.

பாங்கொக்கில் மூன்று நாலு நாள் இருப்பீர்கள். அதில் ஒரு நாளைக் காஞ்சனபுரிக்கு வையுங்கள். தொன்புரி ஸ்டேசனிலிருந்து நாளுக்கு இரண்டே வண்டி, வெளிநாட்டவருக்கு 100 பாட். மரப்பலகை இருக்கை, திறந்த ஜன்னல். 1942, 43இல் ஜப்பான்காரன் போட்ட சயாம்–பர்மா பாதையில் இன்று ஓடும் மிச்சத் துண்டு அது. முழு நீளம் 415 கிலோமீற்றர். நேசநாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். கொண்டுபோன ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு, அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் ஏராளம். கைதிகளுக்கு ஊருக்குள் வரிசை வரிசையாகப் பெயர் வெட்டிய கல்லறைகள் இருக்கின்றன. கூலிகளுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. மலை விளிம்பை ஒட்டி மரத்தூண்களின் மேல் வண்டி ஊர்ந்து போகும் ஓர் இடம் இருக்கிறது. அந்த வேகத்தில்தான் போக வேண்டும், தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். நான் சிலிப்பர்க் கட்டைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

சம்மாந்துறை பயணி

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். சாப்பாட்டை மட்டும் நான் சொல்கிறேன். பினாங்கில் நாசி கண்டார் சாப்பிடாமல் வராதீங்க தங்கச்சி. தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சோறு சுமந்து விற்றுத் தொடங்கியது அது. கறியை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்லுங்க. ஆனால் இறால், கணவாய் எல்லாம் கை காட்டுமுன் விலை கேளுங்க, தட்டு நிறைந்த பிறகுதான் கணக்குச் சொல்வார்கள். ஹட்யாயில் ஹலால் கடை தாராளம், தெற்கே முஸ்லிம் சனம் அதிகம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால்தான் தாய்லாந்தில் கஷ்டம், ‘மரக்கறி’ என்று சொன்னாலும் மீன்சாறு ஊற்றிவிடுவார்கள். ‘ஜே’ என்று கேளுங்க, அது சுத்த மரக்கறிக்குச் சொல்லும் சொல்.

இரவு வண்டியில் ஏசி எலும்பு வரைக்கும் போகும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமில்லை. சால்வை ஒன்று மேற்பொதியிலேயே இருக்கட்டும்.

தென் தாய்லாந்து என்றால் குண்டு வெடிக்கும் என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சொல்லுவாங்க. பிரச்சினையுள்ள பட்டாணி, யாலா, நராத்திவாட் மூன்றும் கிழக்குப் பக்கம், சுங்கை கோலோக் பாதையில். பாடாங் பெசார் பாதை அந்த மாகாணங்களுக்குள் போகாது.

கல்முனை நர்ஸ்

ஒரே ஒரு விஷயம். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இப்போது வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், போவதற்கு மூன்று நாளுக்குள். இரண்டும் இலவசம். நான் தேடியபோது முதலில் வந்த பக்கத்தைத் திறந்து, பாஸ்போர்ட் விபரமெல்லாம் கொடுத்து, காசும் கட்டிய பிறகுதான் அது அரசாங்கப் பக்கமே இல்லை என்று தெரிந்தது. ஆளுக்கு 40 டொலர், இரண்டு பேருக்கு 80. என் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இதை அவர் வாசிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். காசு கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்க.

காரைதீவு டீச்சர்

ஐயா, நல்லவேளை டிக்கட் போடவில்லை. போய்வர டிக்கட்டை வெள்ளிக்கிழமை வாங்குவதாக இருந்தேன்.

இப்படி மாற்றியிருக்கிறேன். ஆகஸ்டில் கோலாலம்பூர் இரண்டு இரவு, பினாங்கு இரண்டு, வண்டியில் ஒன்று, பாங்கொக் நாலு, காஞ்சனபுரியில் ஒரு இரவு தங்கல். மொத்தம் பத்து இரவு. காசு மிஞ்சும் போலிருக்கிறது. தம்பிக்குச் சிங்கப்பூர் விடுபட்டதில் கவலை, அயூத்தயாவுக்கு மூன்றாம் வகுப்பில் கூட்டிப்போவதாகச் சமாளித்திருக்கிறேன்.

ஒரே கேள்வி. பினாங்கிலிருந்து எல்லைக்குக் காலையில் எத்தனை மணி வண்டி? மத்தியானம் போனால் போதாதா? விடுதியில் 12 மணி வரைக்கும் அறை இருக்கிறது.

பழைய ஸ்டேசன் மாஸ்டர், மட்டக்களப்பு

கணக்குக்குப் போதும், ஆனால் காலை வண்டியிலேயே போங்கள். மத்தியான வண்டி பல மணி பிந்தினால் குடிவரவு வரிசையில் நின்றுகொண்டு உங்கள் கோச்சி போவதைப் பார்ப்பீர்கள். நாளுக்கு அந்த ஒரு நேர்வண்டிதான். தவறினால் எப்படியாவது ஹட்யாய் வரை போய் அங்கே வேறு வழி தேட வேண்டும். ஸ்டேசன் மாடியில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, ரிங்கிட் மிச்சத்தை அங்கேயே முடித்துவிடலாம். இரவுச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு ஏறுங்கள்.

பாங்கொக் படுக்கை டிக்கட்டைத் தாய்லாந்து ரயில்வேயின் சொந்தப் பக்கத்திலேயே போடலாம். மலேசிய விசா கையில் வந்த பிறகு போடுங்கள், அதற்கு முன் வேண்டாம். கடிகாரத்தை மட்டும் பாடாங் பெசாரில் இறங்கியவுடன் தம்பியிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.