கெக் டேப்பில் வெறும் நுரைதான் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை விசேஷம், உதவி வேண்டும்

பெரம்பூர்_தினேஷ் (வியாழன், இரவு 10.50)

வணக்கம். பழைய ஃப்ரிட்ஜுக்குள் கெக் (பானத்தைக் கேஸ் பிரஷரோடு அடைத்து வைக்கிற பீப்பாய்) வைத்து, கதவில் டேப் (திறந்து மூடுகிற குழாய்) போட்டு, வீட்டில் செய்த இஞ்சி சோடாவை ஊற்றுகிற மாதிரி ஒரு செட்டப் செய்திருக்கிறேன். சிலிண்டரிலிருந்து கேஸ் (CO₂) ஏறுகிறது, எங்கும் கசிவு இல்லை. ஆனால் டேப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை. கொஞ்ச நேரம் விட்டால் அடியில் இரண்டு விரல் அளவு பானம் நிற்கிறது, அதிலும் சுள்ளென்ற கேஸ் இல்லை, வெறும் சர்க்கரைத் தண்ணீர். பிரஷரைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம்? அவசரம்.

மாம்பலம்_கணேசன் (வியாழன், இரவு 11.05)

தம்பி, இங்கே பல வருஷமாகப் பதில் எழுதுகிறேன். "நுரை வருகிறது" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வெப்பநிலை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, பைப்பின் நீளம் என்ன, உள் விட்டம் என்ன, டேப் எந்த வகை, எத்தனை நாள் கேஸில் இருந்தது? இதெல்லாம் இல்லாமல் கேட்பது, டாக்டருக்குப் போன் செய்து "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு மருந்து கேட்பது போல. நுரை பற்றி நான் ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

ஆவடி_ஏசி_மெக்கானிக் (வியாழன், இரவு 11.20)

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, அவ்வளவுதான். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் குளிர் மேலே ஃப்ரீசர் பெட்டியிலிருந்துதான் வரும். தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு பெரிய பாத்திரத்தை உள்ளே நிறுத்தினால் காற்று சரியாகச் சுற்றாது. தெர்மோஸ்டாட் காட்டுவது ஒன்று, கெக்குக்குள் இருப்பது இன்னொன்று. ஒரு பாட்டில் தண்ணீரைக் கெக் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் விட்டு என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள். காற்றை அளக்காதீர்கள், கதவைத் திறந்ததும் மாறிவிடும். அப்புறம், எந்த வருஷத்து ஃப்ரிட்ஜ்? ஓட்டை எங்கே போட்டீர்கள்?

புதுவை_ராஜா (வியாழன், இரவு 11.32)

இஞ்சி சோடாவா, பீரா? தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பீர் என்றால் தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம்.

பெரம்பூர்_தினேஷ் (வெள்ளி, காலை 7.10)

பீர் இல்லை சார். இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர். ஈஸ்ட் போடவில்லை, நொதிக்கவும் விடவில்லை, சிலிண்டரிலிருந்து நேரடியாகக் கேஸ். 19 லிட்டர் கெக், பழையது வாங்கினேன், பால் லாக் (ball lock, பைப் மாட்டுகிற இணைப்பின் வகை). ஃப்ரிட்ஜ் 190 லிட்டர், கதவில்தான் ஓட்டை போட்டேன். பாட்டில் தண்ணீர் 9 டிகிரி காட்டுகிறது. பிரஷர் 2 பார். பைப் சாதா பைப்தான், கெக்கிலிருந்து கதவு வரைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு. செவ்வாய் ராத்திரி கேஸ் மாட்டினேன்.

டிராஃப்ட்_பெங்களூர் (வெள்ளி, காலை 7.40)

"சாதா பைப்" என்றால்? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பெங்களூரில் ஒரு ப்ரூபப்பில் (அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற பப்) டிராஃப்ட் லைன், அதாவது கெக்கிலிருந்து டேப்புக்குப் போகிற பைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். உள் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்? டேப்பை ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

கொளத்தூர்_மீன்தொட்டி (வெள்ளி, காலை 8.15)

சிலிண்டர் பிரஷரைக் குறைத்துக் கொடுக்கிற ரெகுலேட்டர் எங்கே வாங்கினீர்கள் ப்ரோ? எங்கள் பக்கம் மீன் கடைகளில் செடி வளர்க்கிற மீன்தொட்டிக்கு விற்கிற CO₂ ரெகுலேட்டர்களில் சில மாடல்களில் வெளியே வரும் பிரஷர் ஃபேக்டரியிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். மாற்ற முடியாது. நீங்கள் திருகுவது குமிழி எண்ணிக்கைக்கான ஊசி வால்வாக இருக்கும், பிரஷர் குறைந்திருக்காது. வெல்டிங் ரெகுலேட்டர் என்றாலும் பிரச்சினைதான், பலவற்றில் இரண்டாவது மீட்டர் காட்டுவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை, பிரஷரை அல்ல. என் சந்தேகம் முழுக்க ரெகுலேட்டர் மேல்தான்.

திருவல்லிக்கேணி_மாலதி (வெள்ளி, காலை 9.00)

இஞ்சியை அரைத்தீர்களா, தட்டிக் கொதிக்க வைத்தீர்களா? எப்படி வடிகட்டினீர்கள்? டீ வடிகட்டியில் மட்டும் வடித்திருந்தால் நார், எலுமிச்சைச் சதை எல்லாம் கெக்குக்குள் இருக்கும். ஒவ்வொரு துகள் மேலும் கேஸ் வந்து ஒட்டிக் குமிழியாக மாறும். நான் வீட்டில் சோடா மெஷினில் செய்யும்போது இரண்டு மடிப்பு மல் துணியில் வடித்து, ராத்திரி ஃப்ரிட்ஜில் தெளிய வைத்து, மேலாக மட்டும் எடுப்பேன். தெளியாத சாற்றில் கேஸ் ஏற்றினால் பொங்கி வழியும். இஞ்சியின் மாவுச்சத்து அடியில் வெள்ளையாகத் தங்கும், பார்த்திருப்பீர்கள்.

பெரம்பூர்_தினேஷ் (வெள்ளி, மதியம் 1.20)

டீ வடிகட்டிதான் மேடம். ரெகுலேட்டர் கொளத்தூரில் வாங்கியதுதான், ஆனால் இரண்டு மீட்டர் இருக்கிறது, திருகினால் இரண்டாவது முள் இறங்குகிறது. பைப் 8 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டேப் படம் இணைத்திருக்கிறேன். பெயிண்ட் கடையில் வாங்கிய பித்தளை பிப் காக், மேலே குரோம். ஆபீஸில் இருக்கிறேன், சாயங்காலம் பார்க்கிறேன்.

இன்னொன்று. சிலிண்டரை பால்கனியில் வைத்திருக்கிறேன். காலையில் ஒரு பிரஷர், மதியம் அதைவிட அதிகம். கேஸ் கூடுமா?

மாம்பலம்_கணேசன் (வெள்ளி, மதியம் 1.45)

நுரையை விடுங்கள். முதலில் அந்த டேப்பைக் கழற்றி எறியுங்கள். எலுமிச்சைச் சாறும் கரைந்த CO₂-வும் சேர்ந்த அமிலம் அது. உள்ளே குரோம் கிடையாது, நேராகப் பித்தளை. ராத்திரி முழுக்க டேப்பில் நிற்கிற பானம் செம்பைக் கரைத்துக்கொண்டு கிளாஸில் வரும். வயிற்று வலி, வாந்தி என்று முடியும். அமெரிக்க உணவு விதிகளில் pH 6-க்குக் கீழே உள்ள எந்த உணவும் செம்பு, பித்தளையைத் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் வளைகாப்பு என்கிறீர்கள். கர்ப்பிணிப் பெண் குடிக்கப்போகிற பானம் இது. இதைக்கூட யோசிக்காமல் செட்டப் செய்வதா?

புதுவை_ராஜா (வெள்ளி, மதியம் 2.10)

கணேசன் சார், தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். செம்புப் பானையில் ராத்திரி தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிக்கச் சொல்கிறார்கள். பித்தளை அண்டாவில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்திருக்கிறார்கள். யாருக்கு என்ன ஆயிற்று?

திருவல்லிக்கேணி_மாலதி (வெள்ளி, மதியம் 2.35)

ராஜா, வெறும் தண்ணீரும் புளித் தண்ணீரும் ஒன்றில்லை. பித்தளையில் சமைத்தார்கள்தான், ஆனால் உள்ளே ஈயம் பூசித்தான் சமைத்தார்கள். "ஈயம் பூசறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, எதற்காக? பூச்சு போன பாத்திரத்தில் எங்கள் பாட்டி புளிக்குழம்பு வைக்க விடமாட்டார், களிம்பு ஏறிவிடும் என்பார். மோர்கூட ஊற்ற விடமாட்டார். கணேசன் சொன்ன விதத்தை விடுங்கள், சொன்ன விஷயம் சரி.

புதுவை_ராஜா (வெள்ளி, மதியம் 2.50)

ஈயம் மட்டும் நல்லதா? அதுவே விஷம் என்றுதான் படித்திருக்கிறேன்.

திருவல்லிக்கேணி_மாலதி (வெள்ளி, மதியம் 3.05)

அது காரீயம். பூசுவது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான். 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் ரசமோ தண்ணீரோ ஊற்றாமல் அடுப்பில் வைக்கக்கூடாது. ஆனால் இப்போது கடையில் கலப்படமும் வருகிறது, தெரிந்த இடத்தில் வாங்க வேண்டும்.

ஆவடி_ஏசி_மெக்கானிக் (வெள்ளி, மாலை 4.20)

எங்கள் வீட்டில் ஈயச்சொம்பு உருகி அடுப்பில் வழிந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம். 9 டிகிரி என்றாரே, நான் சொன்னது அதுதான். அதை 3, 4 டிகிரிக்கு இறக்காமல் நீங்கள் எந்தப் பைப் போட்டாலும் நுரைதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்டிசி-1000 மாதிரி ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர் வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்டை அதிகபட்சக் குளிரில் வைத்துவிட்டு, பவரை இதன் வழியாகக் கொடுங்கள். சென்ஸரைக் கெக் உடம்போடு ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மோகோல் வைத்துக் கட்டுங்கள். கம்ப்ரஸர் நின்றபின் குறைந்தது 3 நிமிடம் கழித்தே மறுபடி ஓடுகிற மாதிரி டிலே வையுங்கள். உள்ளே ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் போட்டால் மேலே இருக்கிற குளிர் கீழேயும் வரும்.

கதவில் ஓட்டை போட்டது சரி, ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கிற கேஸ் லைன் கதவில் கிடையாது. படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், பக்கச் சுவரில் போடாதீர்கள். இப்போதைய மாடல்கள் பலவற்றில் கண்டென்ஸர் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அதற்குள் இருக்கிற குளிரூட்டும் கேஸ் R600a என்றால் அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். ஃப்ரீசர் பெட்டியையும் இடத்துக்காக வளைக்காதீர்கள்.

டிராஃப்ட்_பெங்களூர் (வெள்ளி, மாலை 5.10)

இப்போதுதான் முழு விவரம் கிடைத்திருக்கிறது. தினேஷ், மெக்கானிக் அண்ணன் சொன்ன குளிரும் மாலதி மேடம் சொன்ன வடிகட்டலும் இரண்டுமே தேவை. ஆனால் முக்கியக் காரணம் உங்கள் பைப்.

கெக்குக்குள் 2 பார், அதாவது சுமார் 29 psi. டேப்புக்கு வெளியே ஒன்றுமில்லை. அந்த 29-ம் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். அதற்குப் பைப்பின் உரசல்தான் வேலை செய்கிறது. 8 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் பைப்பில் உரசலே கிடையாது. அதனால் முழுப் பிரஷரும் டேப் வாயில் ஒரே அடியாக விழுகிறது, கரைந்திருந்த கேஸ் எல்லாம் அங்கேயே வெளியே வந்துவிடுகிறது. மிஞ்சுகிற பானத்தில் சுள்ளென்று இல்லாததற்குக் காரணமும் இதுதான். பிரஷரைக் குறைத்தும் பயனில்லாமல் போனது, கெக்கின் மேலே தேங்கிய பழைய கேஸை நீங்கள் திறந்துவிடாததால் இருக்கலாம். ரெகுலேட்டரைத் திருகினால் புதிதாக வருவதுதான் குறையும்.

நாங்கள் பீருக்கு 3, 4 டிகிரியில் 12 psi வைக்கிறோம். 4.8 மில்லிமீட்டர் உள் விட்டப் பைப் என்றால் அதற்கே சுமார் 3 மீட்டர் போடுவோம். சோடாவுக்கு 25 முதல் 30 psi வேண்டும், இல்லையென்றால் நாக்கில் சுள்ளென்று இருக்காது. அப்படியானால் 6 மீட்டருக்கு மேல் வேண்டும். சென்னையில் சுலபமான வழி ஆர்ஓ வாட்டர் ப்யூரிஃபயர் பைப். கால் இஞ்ச் என்று கேளுங்கள், அது வெளி விட்டம், உள்ளே 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். புஷ் ஃபிட் கனெக்டரும் அதே கடையில் கிடைக்கும், பித்தளை இல்லாமல் பிளாஸ்டிக்காக வாங்குங்கள். 7 மீட்டர் வாங்கி, கெக் மேலேயே வளையமாகச் சுற்றி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். பைப்பும் குளிர்ந்திருக்க வேண்டும். ரொம்ப மெதுவாக வந்தால் ஒவ்வொரு அடியாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, அதனால் நீளமாகவே ஆரம்பியுங்கள்.

டேப் விஷயத்தில் கணேசன் சாருடன் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பால் வால்வ் (ball valve) கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும். உங்கள் படத்தில் டேப் வாயில் ஒரு சல்லடை மூடி தெரிகிறது. தண்ணீரில் காற்றைக் கலப்பதற்காகவே வைக்கிற மூடி அது, இந்த வேலைக்கு ஆகாது. புது வால்வை எப்போதும் முழுசாகத் திறங்கள். பாதி திறந்தால் அந்த இடுக்கிலேயே நுரைத்துவிடும். சென்னை வெயிலில் டேப் சூடாக இருக்கும், முதல் கிளாஸில் கொஞ்சம் நுரை வரத்தான் செய்யும்.

பைப் கிடைக்காமல் போனால் கடைசி வழி ஒன்று. சனிக்கிழமை ராத்திரி வரை நன்றாகக் குளிர்ந்து 2 பாரில் இருக்கட்டும். ஊற்றப்போகும்போது சிலிண்டரை மூடி, கெக்கின் ரிலீஃப் வால்வை மெதுவாக இழுத்து மேல் கேஸை விட்டு, 5 முதல் 8 psi-யில் ஊற்றுங்கள். விசேஷம் முடிகிறவரை கேஸ் தாங்கும்.

கொளத்தூர்_மீன்தொட்டி (வெள்ளி, இரவு 8.30)

முள் இறங்குகிறது என்றால் ரெகுலேட்டர் சரியாகத்தான் இருக்கிறது. சிலிண்டர் பிரஷர் மதியம் ஏறுவது இயல்பு. உள்ளே திரவமாக இருக்கிறவரை பிரஷர் வெப்பத்தைப் பொறுத்ததுதான், எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டாது. 21 டிகிரியில் 58 பார் அளவு. 31 டிகிரியைத் தாண்டினால் CO₂-வில் திரவம், வாயு என்ற வித்தியாசமே இருக்காது, பிரஷர் இன்னும் வேகமாக ஏறும். நம் ஊர் பால்கனியில் 31 சாதாரணம். வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எடை போடுவதுதான் வழி, காலிச் சிலிண்டரின் எடை அதன் தோள் பகுதியில் குத்தியிருக்கும். பக்கத்திலேயே கடைசியாகச் சோதனை செய்த தேதியும் இருக்கும், பழையதாக இருந்தால் ரீஃபில்லுக்கு எடுக்க மாட்டார்கள்.

எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும், சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். கதவு மூடிய சின்ன அறையில் மட்டும் வேண்டாம். CO₂ காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். குழந்தைகள் வருகிற வீடு, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

மாம்பலம்_கணேசன் (சனி, காலை 6.30)

உணவுத் தர CO₂ என்று கேட்டு நிரப்பினாரா என்பதை யாரும் கேட்கவில்லை. தீயணைப்பு சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் நிரப்பியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தினேஷ், பதில் சொல்லுங்கள்.

ஆவடி_ஏசி_மெக்கானிக் (சனி, மதியம் 12.15)

ஆள் காணோம். தினேஷ், கன்ட்ரோலர் வயரிங்கில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், நியூட்ரலை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரம்பூர்_தினேஷ் (சனி, இரவு 11.40)

எல்லோருக்கும் நன்றி. ஆர்ஓ பைப் 7 மீட்டர், எஸ்எஸ் வால்வ் போட்டாயிற்று. கெக்கை ஐஸ் தொட்டியில் வைத்து இறக்கினேன், இப்போது 4 டிகிரி. மல் துணியில் வடித்துப் புதிதாகச் செய்தேன். மேலே ஒரு விரல் நுரை, மீதி பானம், நன்றாகச் சுள்ளென்று இருக்கிறது. பித்தளை டேப் போய்விட்டது. சமையல்காரர் வந்துவிட்டார், போகிறேன்.

திருவல்லிக்கேணி_மாலதி (ஞாயிறு, காலை 5.50)

நல்லது. தங்கைக்கு வாழ்த்துகள். இஞ்சிக் காரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

மாம்பலம்_கணேசன் (ஞாயிறு, காலை 7.00)

கேஸ் எங்கே நிரப்பினீர்கள்?

கொளத்தூர்_மீன்தொட்டி (செவ்வாய், இரவு 9.20)

நானும் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். பழைய 19 லிட்டர் கெக் சென்னையில் எங்கே கிடைக்கிறது என்று தினேஷோ வேறு யாராவதோ சொல்ல முடியுமா? பின் லாக் (pin lock, இன்னொரு வகை இணைப்பு) என்றாலும் பரவாயில்லை.