மறு: மறு: வெளுத்துப்போன பம்பர் பிளாஸ்டிக்குக்கு ஒரு சொல் (திங்களுக்குள்!)

காட்பாடி ஆசிரியர்:
குழுமத்தாருக்கு வணக்கம். வண்டி கழுவி மெருகேற்றும் வேலைக்கு எங்கள் மையத்தில் ஒரு குறும்பயிற்சி தொடங்குகிறது. பாடக்குறிப்பைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நுரைக்கழுவல், களிமண் தேய்ப்பு (பெயின்டில் ஒட்டிய அழுக்கைக் களிமண் கட்டியால் எடுப்பது), மெழுகு எல்லாம் ஒருவழியாக ஓட்டிவிட்டேன். அடுத்த பாடத்தில் வண்டி நின்றுவிட்டது. பம்பர், கதவின் கீழ்ப்பட்டை, வைப்பருக்கு அடியிலிருக்கும் மூடி, இவையெல்லாம் பெயின்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் நின்று நின்று சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதைப் பழையபடி கருப்பாக்குவதை ஆங்கிலப் புத்தகம் 'டிரிம் ரெஸ்டோரேஷன்' என்கிறது. தமிழில் என்ன போடலாம்? மாணவர்கள் பத்தாவது முடித்தவர்கள். திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குப் போகவேண்டும்.

வாலாஜா புலவர்:
தம்பி, சொல்லைத் தேடி அலையவே வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது. பசலை. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி நிறம் கெடுவதுதானே பசலை? உங்கள் பம்பருக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது. குறுந்தொகை 399 பாருங்கள், பரணர் பாட்டு. ஊருண் கேணியில் பாசி போலப் பசலையும் 'தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப் பரத்தலானே' என்கிறார். துணியால் தொட்ட இடத்தில் நீங்கும், விட்ட இடத்தில் பரவும்! இதைவிடப் பொருத்தமாக எந்த மெக்கானிக் சொல்லிவிடுவான்? 'பசலை நீக்கம்' என்று போடுங்கள். பசப்பு, பசுமை, பைம்பொன் என இதன் வேர்ச்சொல் வரலாற்றைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி பட்டறை:
ஐயா கோவிச்சுக்காதீங்க. பில்லில் 'பசலை நீக்கம் 800 ரூபாய்' என்று எழுதினால், கீரை வாங்கியதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் கஸ்டமர் வந்து சொல்வது ஒன்றுதான்: "இன்னாண்ணே, பம்பரு நரச்சிப் போச்சி." நரைதான். தலைக்கு டை அடிப்பது போலத்தான் வேலையும். இதற்குமேல் என்ன சொல் வேண்டும்?

ராணிப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
'நரை'க்கு என் ஓட்டு. புலவர் ஐயாவுக்காக ஒரு சான்றும் தருகிறேன்: 'யாண்டு பலவாக நரையில ஆகுதல்', பிசிராந்தையார், புறநானூறு 191. தெருவிலும் இருக்கிறது, ஏட்டிலும் இருக்கிறது. தவிர, பசலையின் நிறம் பொன்மஞ்சள். பீர்க்கம்பூவோடு அதை ஒப்பிட்டவர்கள் நம் புலவர்கள். பம்பர் சாம்பலாகத்தானே போகிறது?

ஆனால் சொல்லுக்கு முன்னால் பொருள் தெளிய வேண்டும். இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். கருப்பு வருவது உள்ளே கலந்த கரித்தூளால். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேற்பரப்பில் மட்டும் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, பொடிப்பொடியாக வெடிப்பு விடுகிறது. அந்தக் கரடில் ஒளி சிதறுவதால் வெளுத்துத் தெரிகிறது. ஐயம் இருந்தால் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். நனைந்த இடம் புது வண்டி போல மின்னும், காய்ந்ததும் பழையபடி சாம்பல். அதாவது கருப்பு எங்கும் போகவில்லை, மறைந்திருக்கிறது. ஆகவே 'சாயம் போதல்', 'நிறமிழப்பு' இரண்டும் தவறு. நியாயமாகப் பார்த்தால் நரையும் தவறுதான், முடியில் நிறமியே இல்லாமல் போகிறது. இருந்தாலும் என் ஓட்டு அதற்கே.

குடியாத்தம் நெசவாளர் மகன்:
டிரிம்முக்கு, அதாவது இந்த ஓரப் பாகங்களுக்கு, யாரும் சொல் தரவில்லையே! லுங்கிக்கும் வேட்டிக்கும் இருப்பது போலக் காருக்கும் 'கரை' என்று போடலாமே. ஓரத்தில் ஓடுவது, வேறு நிறத்தில் இருப்பது, அழகுக்கு இருப்பது. 'நரைத்த கரை'. ஓசையும் நன்றாக இருக்கிறது.

காட்பாடி ஆசிரியர்:
வகுப்பில் வாயால் சொல்லும்போது அது 'கறை' என்றல்லவா காதில் விழும்? கரையில் இருக்கும் கறையைத் துடை என்றால் பையன்கள் சிரிப்பார்கள்.

வாலாஜா புலவர்:
றகரத்தையும் ரகரத்தையும் பிரித்து ஒலிக்கக் கற்றுக்கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அதிருக்கட்டும், எல்லோரும் 'பிளாஸ்டிக், பிளாஸ்டிக்' என்று எழுதுகிறீர்கள். நெகிழி என்று எழுதினால் கை சுளுக்கிவிடுமா?

சத்துவாச்சாரி பட்டறை:
நெகிழி தெரியும் ஐயா. 2019-இல் தடை வந்தபோது போர்டு போர்டாக எழுதினார்கள். அதனாலேயே நெகிழி என்றால் எங்களுக்குக் கேரி பேக்தான். பம்பரை நெகிழி என்றால் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று பயம் வருகிறது.

ராணிப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
சங்கப் பாட்டில் 'ஞெகிழி' கொள்ளிக்கட்டை. குறுந்தொகை 150-இல் 'நறும்புகை ஞெகிழி' வருகிறது. தவிர, வெயிலில் விறைத்து வெடித்த பிறகு பம்பர் நெகிழவும் நெகிழாது. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியரே கதவைத் திறந்துவைத்த பிறகு, பிளாஸ்டிக்கை உள்ளே விடுவதில் என்ன குறை?

வாலாஜா புலவர்:
அவர் திறந்தது வடசொல்லுக்கு, அதுவும் வடவெழுத்தை நீக்கிய பிறகு. பிளாஸ்டிக்கில் 'ஸ்' அப்படியே உட்கார்ந்திருக்கிறதே அம்மா?

ஆம்பூர் தோல்காரர்:
நடுவில் நுழைகிறேன். எங்கள் தொழிலில் இந்தக் குழப்பம் கிடையாது. டிரம்மில் போட்டுச் சுற்றும்போது சாயம் தோலுக்குள் இறங்கும், அது சாயம் ஏற்றுதல். பிறகு மேலே ஸ்பிரே அடிப்பது பூச்சு. கீறிப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். உங்கள் பாடத்தில் இருப்பது ஏற்றுதலா, பூச்சா? ரெஸ்டோரேஷனுக்கு 'மீட்பு' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். மேலே எண்ணெய் தடவிவிட்டு மீட்டுவிட்டேன் என்பது வியாபாரப் பேச்சு.

சத்துவாச்சாரி பட்டறை:
அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. இதில் மூன்று வேலை இருக்கிறது. சிலிக்கோன் திரவத்தைத் தடவுவது ஒன்று. அன்றைக்குப் பளபள, அப்புறம் தூசி எல்லாம் வந்து ஒட்டும், சில மழையிலேயே போய்விடும். அது படிந்த பாகத்துக்குப் பிறகு பெயின்ட் அடித்தால் குழிகுழியாக விலகும், பெயின்டர் நம்மைத்தான் திட்டுவான். இன்னொன்று, காய்ந்து கெட்டிப் படலமாகப் பிடிக்கிற கோட்டிங். ஒழுங்காகச் செய்தால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் பழைய மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போகும்வரை பிரஷ் வைத்துத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். சொரசொரப்புக்குள் காய்ந்திருக்கும் வெள்ளை மெழுகையே நரை என்று நினைத்துக் கொண்டுவரும் ஆட்களும் உண்டு. அவர்களுக்குத் தேய்த்துவிட்டாலே போதும், காசும் வாங்க மனம் வராது. மூன்றாவது ஹீட் கன், சூடான காற்றை ஊதும் கருவி. மேல்தோல் லேசாக இளகிக் கரடு அடங்கினதும் கருப்பு தானே எழும்பிவரும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சொரசொரப்பு அழிந்து வழவழவென்று திட்டாகிவிடும், சரிசெய்யவே முடியாது. வெயில் மறுபடி தின்னும் என்பது வேறு விஷயம்.

ராணிப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
ஆம்பூர் ஐயாவின் 'ஏற்றுதல்' இங்கே செல்லாது. பாலிபுரொப்பிலீனில் பசையே சரியாக ஒட்டாது, சாயம் எங்கே இறங்கும்? ஆக மூன்று வேலைக்கு மூன்று சொல்: தடவல், படலமிடல், சூடுகாட்டல். பொதுத் தலைப்புக்கு 'கருப்பாக்கல்'.

வாலாஜா புலவர்:
கறுப்பா, கருப்பா? கருப்பு என்றால் அகராதியில் பஞ்சம் என்றும் பொருள் உண்டு. கரும்பும் புணர்ச்சியில் கருப்பாகும், மன்மதனின் கருப்புவில் தெரியுமல்லவா? நிறத்துக்குக் கறுப்பு.

ஆம்பூர் தோல்காரர்:
தொல்காப்பியத்தில் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று படித்த ஞாபகம். அப்படியானால் கறுப்பாக்கல் என்பது கஸ்டமருக்குக் கோபமூட்டல்.

வாலாஜா புலவர்:
அடுத்த நூற்பாவையும் படியுங்கள் ஐயா. 'நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப.'

காட்பாடி ஆசிரியர்:
பெரியோர்களே, ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். றகரச் சண்டையிலிருந்து தப்பிக்கத் தலைப்பை 'நரைத்த பிளாஸ்டிக்கைக் கருமையாக்கல்' என்று போட்டுவிட்டேன். உட்தலைப்பு தடவல், படலமிடல், சூடுகாட்டல். டிரிம்முக்குச் சொல்லே வைக்கவில்லை, பம்பர், பீடிங், கிளாடிங் என்று பட்டறைப் பெயராகவே விட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

வாலாஜா புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

குடியாத்தம் நெசவாளர் மகன்:
கரைக்கும் ஒரு மறுப்பு.

காட்பாடி ஆசிரியர்:
பதிவாயிற்று. அடுத்த வாரப் பாடம் முகப்பு விளக்கு. பாலிகார்பனேட் கண்ணாடி வெயிலில் மஞ்சளடித்து மங்கிப்போகிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும்.

வாலாஜா புலவர்:
மஞ்சளா? பீர்க்கம்பூ மஞ்சளா, தம்பி?