ஸ்மர்க், கிகிள், சக்கிள்: இந்த வினைகளை எப்படிச் சொல்வது?

> முறைவினை அல்லது குறிப்புவினை என்று வைத்துக்கொள்ளலாமே?

அண்ணா, ஸ்மர்க், கிகிள் (களுக்கென்று சிரிப்பது), சக்கிள் (வாய்க்குள் மெல்லச் சிரிப்பது) போல, செயலோடு அதன் விதத்தையும் சேர்த்தே சொல்லும் ஆங்கில வினைகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும், சரிதான். ஆனால் குறிப்புவினை வேண்டாம். 'அவன் கரியன்' போன்றவற்றை இலக்கணத்தில் குறிப்பு வினைமுற்று என்றே படித்துவிட்டோம். முறைவினை என்றால் எனக்கு முறைமாமன்தான் நினைவுக்கு வருகிறான்.

சிக்கல் எங்கே என்பது சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தும்போதுதான் புரிந்தது. சீனத்தில் 'சியாவ்' என்றால் புன்னகையும் அதுதான், வாய்விட்டுச் சிரிப்பதும் அதுதான். வேறுபாடு முன்னால் வந்து ஒட்டும். 'லெங்' சேர்ந்தால் குளிர்ந்த சிரிப்பு, அதாவது ஏளனம். 'கூ' சேர்ந்தால் கசந்த சிரிப்பு. 'தோ' என்றால் திருடுவது. திருட்டுச் சிரிப்பு, நம் நமட்டுச் சிரிப்பேதான். நாமும் அசட்டுச் சிரிப்பு, குலுங்கிச் சிரித்தான் என்று அடையை, அதாவது எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல்லை, வெளியே வைக்கிறோம். ஆங்கிலம் மட்டும் அதை வினைக்குள்ளேயே பூரணம் மாதிரி வைத்து மூடிவிடுகிறது.

ஒரு மாணவி, 'பாட்டி என்னைப் பார்த்து ஸ்மர்க் செய்தாள்' என்று எழுதியிருந்தாள். பாட்டி பாசமாக லேசாகச் சிரித்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் தற்பெருமையும் இளக்காரமும் இருப்பது வெளியே தெரிந்தால்தானே! 'லெங் சியாவ்' என்பதை இப்படித் தவறாக எழுத அவளுக்கு வாய்ப்பே இல்லை. குளிர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

(நானும் ஒருமுறை மாட்டினேன். சீனர்களின் அரட்டைச் செயலியான வீச்சாட்டில் அவளுக்கு வெறும் புன்னகை முக எமோஜியை அனுப்பினேன். 'கோபமா?' என்று கேட்டாள். அங்கே இளைஞர்களுக்கு அது வெறுப்பைக் காட்டும் முகமாம். தோல் சிரிக்கிறது, சதை சிரிக்கவில்லை என்று அவர்களிடம் ஒரு மரபுத்தொடரே உண்டு.)

ஆகவே என் பரிந்துரை: உள்ளடைவினை. அடை உள்ளே இருக்கும் வினை.

---

> உள்ளடைவினை

தம்பி, பொருள் பொருந்துகிறது. ஆனால் வினையடை என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? நான் 'பாங்குவினை' என்று எழுதி வைத்திருந்தேன்.

---

அக்கா, பாங்கு அழகான சொல்தான். ஆனால் பாங்கு என்றால் எங்கள் தெருவில் பள்ளிவாசல் தொழுகை அழைப்பு. தவிர, சிரிக்கும் பாங்கு மட்டும் இல்லை, சிரிப்பவரைப் பற்றிய நம் தீர்ப்பும் ஸ்மர்க்கில் இருக்கிறது. வினையடையோடு குழம்பினால் நல்லதே: 'இளக்காரமாக' வெளியே நின்றால் வினையடை, உள்ளே போய்விட்டால் உள்ளடைவினை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தே நடத்தலாம்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. கிகிள், சக்கிள் இரண்டிலும் இருப்பது ஒலி. சீனத்தில் 'கெகெ' போட்டுச் சியாவ், நம்மிடம் 'களுக்கென்று' சிரித்தாள். இவற்றை ஒலியடை என்று தனியே பிரிக்கலாமா? அண்ணா சொல்லட்டும். அதுவரை பட்டியலில் உள்ளடைவினை என்றே போட்டு வைக்கிறேன்.