பின்கால் பெஞ்சுல, முன்முட்டி எங்கே?

பாலக்கோடு பஸ்கி: பின்காலைப் பெஞ்சுல வெச்சு முன்கால்ல உக்காந்து எழும்பற பயிற்சி பத்தி மூட்டுவலி இழையில ஒரு மேதாவி எழுதியிருக்கார்: "பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட்ல முட்டி கால்விரலைத் தாண்டினா மூட்டு போச்சு." எவர் கிளப்பிவிட்டது இது? தீர்த்தமலைப் படியில இறங்கிப் பாருங்க. மேல்படியில நிக்கற காலோட முட்டி விரலைத் தாண்டாம கீழ்ப்படியை யாராலயும் தொட முடியாது.

ஓசூர் இரும்பு: மேதாவி வந்துட்டேன். தாண்டக் கூடாதுன்னா கூடாது. முன்கால் பெஞ்சுலருந்து ரெண்டடி தள்ளி இருந்தா கெண்டைக்கால் நேரா நிக்கும். ஒன்றரை அடிக்குள்ள வெச்சா முட்டி முன்னால ஓடும், குதிகால் கிளம்பும். படி இறங்கறவங்க கையில ரெண்டு 15 கிலோ டம்பல் இருக்காதுங்க சார்.

பாலக்கோடு பஸ்கி: குதிகால் கிளம்பறது தப்பு. முட்டி தாண்டறது தப்பில்ல. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூணும் தரையில அழுந்தியிருந்தா ரெண்டு அங்குலம் தாண்டட்டுமே! சுவத்துக்கு 10 செ.மீ. தள்ளி விரல் நுனியை வெச்சு, குதிகால் தூக்காம முட்டியால சுவத்தைத் தொடுங்க. எட்டலைன்னா கணுக்கால்தான் இறுக்கம். 2003ல ஃப்ரைங்கற ஆய்வாளரோட குழு ஸ்குவாட் போடறவங்களுக்கு முன்னால பலகையைக் குறுக்க வெச்சு முட்டியைத் தடுத்தே பார்த்தாங்க. இடுப்புல விழற திருப்புவிசை 28லருந்து 303 நியூட்டன் மீட்டருக்குத் தாவிடுச்சு.

ஓசூர் இரும்பு: முட்டியில 150 இருந்தது 117 ஆச்சே, அதை ஏன் முழுங்கிட்டீங்க? குறைஞ்சுதா இல்லையா? அதுவும் பார்பெல் வெச்ச ரெண்டுகால் ஸ்குவாட். சோதிச்சது வெறும் 7 பேரை.

பாலக்கோடு பஸ்கி: குறைஞ்சது எங்க போச்சு? இடுப்புக்கு! கடனை அடைக்கல, அண்ணன் பேருக்கு மாத்திட்டீங்க.

ஊத்தங்கரை கபடி: ரெண்டு பேரும் முன்னாலயே பாக்கறீங்க. கெடுக்கறது முட்டி உள்பக்கம் சாயறது. எழும்பறப்ப ரெண்டாவது விரல் இருக்கற திசையிலயே முட்டி போகணும். பாதங்களை ஒரே கோட்டுல வெச்சா ஆட்டம் காணும், இடுப்பகலம் விடுங்க. பின்கால் விரலை ஊனி உதைக்காம மேல்பாதத்தைப் பெஞ்சுல படுக்க வைங்க. பெஞ்சு 12லருந்து 16 அங்குலம் போதும். அதுக்கு மேல போனா முதுகு வில்லா வளையும்.

ஓசூர் இரும்பு: நல்ல பாடம் தம்பி, கேள்விக்கு பதிலைக் காணோம். விரல் நுனி. தாண்டலாமா, கூடாதா?

பாலக்கோடு பஸ்கி: தாண்டலாம். தொடைமுன் தசைக்கு வேலை வேணும்னா நேரா நின்னு தாண்டவிடுங்க. பிட்டத்துக்கு வேணும்னா காலைத் தள்ளி வெச்சு உடம்பைக் கொஞ்சம் சாய்ங்க. மூணு விநாடி இறங்கி, தொடை தரைக்குச் சமமானதும் ஏறுங்க. பலம் கம்மியான காலை முதல்ல எடுத்து 8 தடவை, மூணு சுற்று. ஆட்டம் நின்ன பிறகு டம்பல். தாண்டலாம்.

அரூர் பார்வையாளன்: பஸ்கின்னு பேரு வெச்சுக்கிட்டு பல்கேரியாவுக்கு வக்காலத்தா?

பாலக்கோடு பஸ்கி: பேரை விடுங்க. போன மாசம் தண்டால் இழையில முழங்கையை விரிச்சுப் போடச் சொன்னவர்தானே நீங்க? திருத்தினீங்களா?

அரூர் பார்வையாளன்: அது 45 டிகிரின்னு அப்பவே சொன்னேன்.

பாலக்கோடு பஸ்கி: 90னு சொன்னீங்க. இழை இன்னும் அங்கதான் கிடக்கு.

ஓசூர் இரும்பு: பேச்சு எங்கயோ போயாச்சா? சந்தோஷம். தாண்டக் கூடாது.