புது லேப்டாப்பில் லினக்ஸ்: உங்களுக்கு எங்கே இடித்தது?

ரிச்சிதெரு_வாசி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்ற பிறகு, இலவச இயங்குதளமான லினக்ஸைத் தேடி, "லினக்ஸ் போட்டுக் குடுங்களேன்" என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பழைய கணினி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். உள்ளே இருக்கிற சில்லுகளையெல்லாம் இயக்கும் நிரலான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். புது லேப்டாப்தான் ஆளைப் படுத்தும். அவரவர் பட்டதை இங்கே போடுங்கள், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் என்னுடையது. சென்னை ரிச்சி தெருவில், விண்டோஸுக்குப் பதில் ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு விற்கும் மாடல் ஒன்றை வாங்கினேன். விண்டோஸ் உரிமத்துக்கான காசு மிச்சம். "விண்டோஸ் நாங்களே ஏத்தித் தர்றோம் சார்" என்ற கடைப் பையனிடம் வேண்டாம் என்று சொல்லி, கையோடு கொண்டுபோன பென்டிரைவை எடுத்தேன். அதில் வென்டாய் (ஒரே பென்டிரைவிலிருந்து பல இயங்குதளங்களை ஏற்ற உதவும் கருவி) போட்டு உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓவும் (நிறுவல் கோப்பு) வைத்திருந்தேன். மேசையில் இருந்த டெமோ பீஸில் லைவாக (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) ஏற்றிப் பார்க்க முதலாளி சம்மதித்தார். ஹார்ட்டிஸ்க்கில் எதுவும் அழியாது என்று அவரை நம்பவைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

வைஃபை பட்டியல் வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் கேட்கிறதா, வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா. இவ்வளவும் சரியாக இருந்தால் மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். மூடியில் இருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு வைஃபை கார்டு போட்டு விற்பதும் உண்டு. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று கொடுத்தால் உள்ளே உண்மையில் என்ன சில்லு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறிஞ்சி_கோட்

வைஃபை விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை அண்ணா. என்னுடையதில் இருந்த சில்லின் எண் 8852பிஇ. அதற்கான டிரைவர் கெர்னல் 6.2-இல்தான் சேர்ந்தது. நான் வைத்திருந்ததோ உபுண்டு 22.04-இன் முதல் ஐஎஸ்ஓ, அதில் கெர்னல் 5.15. நிறுவி முடித்துப் பார்த்தால் செட்டிங்ஸில் வைஃபை என்ற பேச்சே இல்லை. புது கெர்னல் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர புது கெர்னல் வேண்டும். லேப்டாப்பில் லேன் போர்ட்டும் கிடையாது.

பக்கத்து அறைப் பையன் சொன்ன வழிதான் கைகொடுத்தது. போனை சார்ஜ் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்ய வேண்டும். லினக்ஸ் அதை லேன் கேபிள் மாதிரியே எடுத்துக்கொள்கிறது, தனியாக டிரைவர் எதுவும் கேட்பதில்லை. அப்படியே ஹெச்டபிள்யூஇ கெர்னலை (பழைய உபுண்டுவுக்கே தரும் புது கெர்னல்) இறக்கி ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது.

டெபியன் போடுகிறவர்கள் பழைய ஐஎஸ்ஓ எதையும் எடுக்காதீர்கள். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (சில்லுக்குள் ஏற்றும் மென்பொருள்) அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரோடு சேர்த்துத் தர ஆரம்பித்ததே 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் இருந்துதான்.

(லினக்ஸ் எனக்கு அறிமுகமானது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, நம் நாட்டில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பில் அதைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.)

ரெண்டுங்கெட்டான்

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் விண்டோஸையும் விடாமல் வைத்திருப்பவன். கணக்கு மென்பொருளான டேலி ஓட்ட வேண்டுமே.

செக்யூர் பூட் (கையொப்பமுள்ள இயங்குதளத்தை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு) உட்பட, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்னாலும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் மாற்றம் செய்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் அந்த எண்ணைக் கேட்டு நிற்க வாய்ப்பு அதிகம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆவதில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்க் பகுதியில்) எழுத முடியாது.

அடுத்தது, இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாமல் போவது. இன்டெல் பிராசஸர் இருக்கும் பல லேப்டாப்களில் என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி), சேமிப்பகத்தை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்புக்குப் பின்னால் இருக்கும். பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் விண்டோஸ் நீலத்திரை காட்டிவிடும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி முதலில் அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பிவிட்டால் இரண்டும் ஒழுங்காக ஓடும்.

கடிகாரம் தனிக் கூத்து. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. அதனால்தான் நம் ஊரில் வித்தியாசம் துல்லியமாக 5:30. அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிஎம்ஓஎஸ் பேட்டரி போய்விட்டது என்று மாற்றக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் யுடிசிக்கு மாற்றுவதுதான் சுத்தமான வழி என்பேன்.

பஸ்_பயணி

எனக்கு எல்லாம் வேலை செய்தது, மூடினால் போக வேண்டிய தூக்கத்தை (ஸ்லீப்) தவிர. மூடிப் பையில் வைத்துவிட்டுத் தாம்பரத்திலிருந்து வீடு வந்து எடுத்தால் லேப்டாப் கொதிக்கிறது, சார்ஜ் பாதி காலி. சிஸ் அடைவில் பவர் என்பதற்குள் மெம்_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கும், பாருங்கள். அதில் எஸ்2ஐடில் (மேலோட்டமான தூக்கம்), டீப் (ஆழ்ந்த தூக்கம்) இரண்டும் இருந்தால் டீப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். புது லேப்டாப்கள் பலவற்றில் எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது. ராமுக்கு மட்டும் கரண்ட் விட்டு மற்றதையெல்லாம் அணைக்கும் அந்தப் பழைய எஸ்3 தூக்கத்தை, அதாவது டீப்பை, தயாரிப்பாளர்களே எடுத்துவிட்டார்கள். எஸ்2ஐடிலில் ஏதாவது ஒரு சில்லு உறங்க மறுத்தால் போதும், பேட்டரி கரையும்.

ஹைபர்னேட் (ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) போடலாம் என்றால் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது உபுண்டு, ஃபெடோரா கெர்னல்கள் அதை அனுமதிப்பதில்லை. இப்போது மூடியை மூடினால் ஷட்டவுன் ஆகும்படி வைத்துவிட்டேன். எஸ்எஸ்டி புண்ணியத்தில் எழ அதிக நேரம் ஆவதில்லை.

யாழ்_தட்டச்சு

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பக்க வடிவமைப்பு வேலை. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசை அமைப்பில் பழகிய கைகள். லினக்ஸ் போட்டதும் முதல் சண்டையே விசைப்பலகையில்தான். உள்ளீட்டுக் கருவியான ஐபஸ்ஸோடு, பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதியையும் நிறுவினால் தமிழ் விசைப்பலகைகள் வரிசையாக வரும். அதில் ரெங்கநாதன் இருக்கிறது. பாமினிக்குப் பழகிய விரலுக்கு க, ம, த, ப எல்லாம் அதே இடத்தில் கிடைக்கின்றன. ஒரு கிழமையில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

பழைய கோப்புகள்தான் தலையிடி. பாமினி எழுத்துருவில் அடித்தவை எல்லாம் லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரண்டு எழுத்துரு கலந்து அடித்த பக்கங்களை மாற்றும்போது ஆளொருவர் பக்கத்திலிருந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

மலர்_டீச்சர்

நான் தமிழ்99 விசைப்பலகைப் பழக்கம். உபுண்டு செட்டிங்ஸில் தமிழ் என்று தேடினால் தமிழ்99 என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேல் வருகிறது. வெறும் விசைப்பலகை அமைப்பாக இருப்பதை எடுத்தால் புள்ளி தானாக விழாது. எம்17என் என்று பக்கத்தில் போட்டிருப்பதை எடுங்கள். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' என்று வர வேண்டும். வந்தால் சரியானதை எடுத்திருக்கிறீர்கள்.

கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பில், திரையில் காட்டும் அமைப்பான வேலண்டோடு எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் அடிப்பதற்கும் விர்ச்சுவல் கீபோர்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்! பல டெர்மினல்களில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் இன்னும் எழுத்து மேல் எழுத்து ஏறித்தான் தெரிகின்றன. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

புதுசு_ராசா

கைரேகை சென்சார் பற்றி யாருமே சொல்லவில்லையே?

ரிச்சிதெரு_வாசி

தம்பி, டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கொடுத்து சென்சாரின் ஐடி எண்ணை எடுங்கள். கைரேகை சென்சார்களை லினக்ஸில் இயக்கும் லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் தளத்தில் ஆதரவுள்ள கருவிகளின் பட்டியல் இருக்கிறது. அந்த எண் அதில் இருந்தால் செட்டிங்ஸில் பயனர் பக்கத்திலேயே விரலைப் பதியலாம். என்னுடையது அதில் இல்லை, பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருக்கிறேன்.