47,318-இல் நின்ற மீட்டர்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அஸ்தம்பட்டிக்காரர்:

எங்கள் பெரியப்பா விட்டுப்போன கார் 1968 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்துவிடலாம், இன்ஜின் 1,296 சிசி. அவர் காலமான பிறகு எட்டு வருடம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வருடம்தான் பிரேக், கார்புரேட்டர், ரேடியேட்டர் எல்லாம் பார்த்து ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். மிச்சம் இருந்தது மீட்டர் மட்டும். வேகம் காட்டும் முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. மைல் எண் மட்டும் 47,318-ஐ விட்டு அசையவில்லை.

எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். பெரியப்பா பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், மைல் மூன்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவார். கடைசிப் பக்கங்களில் 47,318 என்ற எண் மூன்று வரிகளில் அப்படியே இருக்கிறது. நான்காவது வரியில் "மீட்டர் ஓடவில்லை". அதற்கப்புறம் தேதியும் லிட்டரும் மட்டும்.

கேட்ட இடத்தில் எல்லாம் "மீட்டரையே மாத்திடுங்க, வேற செகண்ட்ஹேண்ட் கிடைக்கும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நோட்டில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பதுதான் எனக்கு வேண்டும். அதனால் நானே பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் நோயைக் கண்டுபிடிப்பது. கேபிளால் ஓடும் மீட்டரில் இது சுலபம். முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையில் கோளாறு. முள் ஓடி எண் மட்டும் நின்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, கோளாறு மீட்டருக்குள். காரணம், கேபிள் சுற்றும் அதே தண்டுதான் இரண்டு வேலையும் செய்கிறது. ஒரு பக்கம் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் தொடாமலேயே பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, அதோடு முள் திரும்புகிறது. இன்னொரு பக்கம் தண்டில் உள்ள திருகுப் பல் ஒரு குறுக்குத் தண்டைச் சுற்றி, அதன் முனையில் உள்ள கொக்கி மாதிரியான சின்னத் தகடு, எண் உருளையின் பல்லை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறது.

மார்க் 3-இல் மீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருப்பதால் கழற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பின்னால் கையை விட்டுக் கேபிள் நட்டு, பிடிமானத் தகட்டின் இரண்டு சின்ன நட்டு, பல்பு ஹோல்டர்கள், ட்ரிப் எண்ணை (ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டுவது) பூஜ்யமாக்கும் கம்பி, எல்லாம் கழன்றால் மீட்டர் முன்பக்கமாக வந்துவிடும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் உள்விளிம்பில் காதுகள் இருக்கின்றன. அவை டப்பாவில் உள்ள வெட்டுகளுக்கு நேராக வரும்வரை மெதுவாகத் திருக வேண்டும். ஐம்பது வருட ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டால் வளையம் நெளிந்துவிடும். எனக்கு அதற்கு மட்டும் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பின்னால் உள்ள இரண்டு திருகாணியைக் கழற்றினால் உள்பகுதி மொத்தமாக வெளியே வரும். முள்ளைப் பிடுங்கத் தேவையே இல்லை. அதன் கீழே மயிரிழைச் சுருள் ஒன்று இருக்கிறது, அது கெட்டால் வேகம் தப்பாகக் காட்டும்.

உள்ளே பார்த்தால் பல் எதுவும் உடையவில்லை. பழைய கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. தள்ளும் தகட்டைப் பல்லோடு அழுத்தி வைக்கும் ஸ்பிரிங் அறுந்து, ஒரு துண்டு டப்பாவின் அடியில் கிடந்தது. தகடு முன்னும் பின்னும் போகிறது, ஆனால் பல்லைப் பிடிக்கவில்லை. தலைமுடி மாதிரிக் கம்பியில் சுற்றிய ஸ்பிரிங். அதை எங்கே போய் வாங்குவது?

சேலத்தில் இருப்பது எனக்கு உதவியது. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அறுந்த துண்டைக் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டி, சாமணத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளில சுத்தித் தரலாங்க தம்பி, ஆனா அது மெத்து, நாலு நாள்ல தளர்ந்துரும். உருக்குக் கம்பி கொண்டாங்க" என்றார். கிட்டாரின் முதல் தந்தி, மெல்லிய எஃகு, ஒன்று வாங்கிப் போனேன். ஊசி முனையில் சுற்றி, நீளம் பார்த்து, இரண்டு முனையிலும் கொக்கி வளைத்துக் கொடுத்தார். நெருப்பே காட்டவில்லை, சூடு பட்டால் விறைப்பு போய்விடும் என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். கார் ஓடினால் ஒரு நாள் காட்டச் சொன்னார்.

சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. எண் உருளையில் பெட்ரோலோ தின்னரோ படவே கூடாது, எண்களின் பெயிண்ட் கரைந்து வந்துவிடும். லேசாக ஈரமான பஞ்சு போதும். பல்சக்கரம், தண்டு மட்டும் மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகை. பிறகு தண்டு சுற்றும் இடங்களில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையில் தொட்டு வைத்தேன். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் எதுவும் போகக் கூடாது.

காரில் மாட்டும் முன் மேஜையிலேயே ஓட்டிப் பார்த்தேன். பழைய கேபிள் துண்டை ட்ரில்லில் மாட்டி, முள் ஏறும் திசையில் மெதுவாகச் சுற்றினேன். கடைசி உருளை நகர்ந்தது. அந்த நிமிடத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை.

இன்னும் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. இதே வேலை செய்தவர்கள் எழுதுங்கள்.

கொண்டலாம்பட்டி மெக்கானிக்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். மாட்டும்போது கேபிளை விட்டுவிடாதீர்கள். முப்பது வருடத்தில் நான் பார்த்த பாதி மீட்டர்கள் கேபிளுக்குப் போட்ட கிரீஸால்தான் கெட்டவை. உள்கம்பியின் கீழ்ப்பாதியில் மட்டும் லேசாகத் தடவுங்கள், மீட்டர் பக்க முனையைக் காய்ந்தபடியே விடுங்கள். மேலேயும் பூசினால் கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும். ஒரு பத்மினி கார் வந்தது, முள் எப்போதும் வேகத்தை அதிகமாகவே காட்டும். திறந்தால் கிண்ணமும் காந்தமும் கிரீஸில் ஒட்டியிருந்தன. முள் நடுங்கினால் அது பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ இறுக்கமாக வளைந்திருக்கிறது. ஏற்காடு ஏறும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இன்ஜின் வேலைக்காகக் கேபிளைக் கழற்றி, பழைய வழியில் விடாமல் குறுக்கே இழுத்து மாட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று. டயல் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. 1000 என்று இருந்தால், நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும் ட்ரில்லில் முள் 60 மைலில் நிற்க வேண்டும். மேஜையிலேயே வேகமும் சரியா என்று பார்த்துவிடலாம்.

ஓமலூர், முன்பு ஜெர்மனி:

நான் அங்கே வேலையில் இருந்தபோது 1987 போர்ஷே 944 வைத்திருந்தேன். அதிலும் இதே நோய், முள் ஓடும், எண் நிற்கும். ஆனால் காரணம் வேறு. அதில் இருப்பது விடிஓ (VDO) என்ற கம்பெனியின் மீட்டர், எண்ணை ஓட்டுவது சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம். வருடம் ஆக ஆக பிளாஸ்டிக் நொறுங்கிவிடுகிறது. நான் திறந்தபோது பல் எல்லாம் பொடியாகக் கொட்டியது. புதுச் சக்கரம் தனியாகவே விற்கிறார்கள், போட்டதும் ஓடியது.

என் சக்கரம் போனது என் கையால் என்றே நினைக்கிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரிப் பட்டனை அழுத்தி பூஜ்யமாக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஓடும் பல்லின் மேல் அந்த நேரத்தில் விழும் இழுப்பு அதிகம். இப்போது எந்தப் பழைய காரில் உட்கார்ந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அந்தப் பட்டனைத் தொடுகிறேன்.

அஸ்தம்பட்டிக்காரரிடம் ஒரு கேள்வி. மீட்டர் நின்றபிறகும் பெரியப்பா ஓட்டியிருக்கிறார். நோட்டில் லிட்டர் கணக்கு இருக்கிறதே. கூட்டிப் பார்த்து அந்த மைலையும் எண்ணில் ஏற்றிவிடலாமே?

சூரமங்கலம் வாசகி:

மேலே உள்ள கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் ஒன்றை, அந்த ஃபைபர் பாடி இருவர் வண்டி, செகண்ட்ஹேண்டாக வாங்கப் போனோம். மீட்டரில் 21,000 கிலோமீட்டர். விற்றவர் சத்தியம் செய்யாத குறை. என் கணவர் குனிந்து கிளட்ச் பெடலைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. ஓட்டுநர் சீட்டின் ஓரம் நைந்திருந்தது, ஸ்டியரிங் மழுங்கியிருந்தது. எண் உருளைகள் ஒரே கோட்டில் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே. யாரோ கையால் திருப்பியிருக்கிறார்கள். வாங்காமல் வந்துவிட்டோம். 80,000 என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்போம் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

அதனால் கூட்டுவதாக இருந்தாலும் எண்ணில் கை வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அஸ்தம்பட்டிக்காரர்:

நானும் அதையே யோசித்தேன். லிட்டர்களைக் கூட்டினால் 214 வருகிறது. முந்தைய பக்கங்களின்படி லிட்டருக்கு ஏழரை மைல். ஆக சுமார் 1,600 மைல் எண்ணில் ஏறாமல் போயிருக்கிறது. இருந்தாலும் ஏற்றவில்லை. அது என் கணக்கு, மீட்டர் எண்ணியது இல்லை. நோட்டில் புதுப் பக்கத்தில் "மீட்டர் நின்றிருந்த காலத்தில் ஏறக்குறைய 1,600 மைல்" என்று எழுதி, அதன் கீழே "ட்ரில்லில் ஓடியது 4 மைல்" என்றும் எழுதியிருக்கிறேன். கார் யார் கைக்குப் போனாலும் நோட்டும் கூடவே போகும்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன எண்ணையும் சரிபார்த்தேன். கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி, முனையில் ஒரு சின்ன அட்டைக் கொடி ஒட்டி, பின்சக்கரம் நேர்கோட்டில் ஆறு சுற்று சுற்றும்வரை தம்பி காரைத் தள்ள, கொடி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினேன். அதை 1,680-ஆல் பெருக்கி, தரையிலிருந்து சக்கர மையம் எத்தனை அங்குலமோ அதனால் வகுத்தால் ஒரு மைலுக்கான சுற்று கிடைக்கும். டயலில் அச்சிட்டிருந்ததற்கு மிக அருகில் வந்தது. டயர் அளவு மாறியிருப்பவர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மாவை உட்காரவைத்து ஏற்காடு போனோம். அதற்கு முன் சிவதாபுரம் போய்ப் பெரியவரிடம் காட்ட நினைத்தது அன்று முடியவில்லை, அடுத்த வாரம் போகிறேன். அடிவாரம் தாண்டியதும் பெரியம்மா ரோட்டைப் பார்க்கவே இல்லை, டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவிலும், எண் மாறும்போதெல்லாம் வாய்க்குள் படித்தார். ஏற்காட்டில் நிற்காமல் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டையும் சுற்றினோம். காப்பித் தோட்டத்து நிழலில் இரண்டாம் கியரில் போகும்போதுகூட எண் விடாமல் நகர்ந்தது. சுற்றி முடித்தபோது 20 மைலுக்கு ஒரு நூலிழை குறைவு, சரியான கணக்கு.

ஏரிக்கரையில் நிறுத்தி நோட்டை எடுத்தேன். பெரியம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரியப்பா எழுதியதற்கு நேர் கீழே வருகிற மாதிரி, தேதியையும் 47,359 என்ற எண்ணையும் எழுதினார்.