ஆங்கிலக் கவிதைக்குப் பர்சனல் ரெஸ்பான்ஸ்: சுருக்கமும் கூடாது, சொந்தக் கதையும் கூடாது என்றால் என்ன எழுதுவது?

மழைத்தூறல்:
வணக்கம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதையைப் பற்றி 400 சொல்லில் பர்சனல் ரெஸ்பான்ஸ், அதாவது படிச்சப்ப நமக்குத் தோணுனதை, எழுதணும். காட்டில் ரெண்டா பிரியற பாதையில ஒருத்தர் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கவிதை அது. ஒவ்வொரு ஸ்டான்சாவிலும் (கவிதையின் பத்தி) என்ன நடக்குதுன்னு வரிசையா எழுதிக் கொடுத்தேன். "இது சுருக்கம்"னு திரும்பி வந்துச்சு. சரின்னு, எந்த குரூப் எடுக்கிறதுன்னு நான் குழம்பினதை எழுதினேன். "கவிதை எங்கே?"ன்னு சிவப்பு மையில கேட்டிருக்காங்க. நடுவுல என்னதான் எழுதறது? 'ஐ' போட்டு எழுதலாமா? உவமை, மோனை எல்லாம் கண்டிப்பா வரணுமா?

பென்சில்முனை:
முதல் தாளில் கவிதை மட்டும் இருக்கு, ரெண்டாவதில் நீங்க மட்டும் இருக்கீங்க. கேக்கிறது ரெண்டும் சந்திக்கிற இடத்தை.

உரை, நோட்ஸ் எதையும் பார்க்காம கவிதையை வாய்விட்டு ரெண்டு தடவை படிங்க. பென்சில் கையில இருக்கட்டும். எங்க தயங்கினீங்களோ, எங்க திரும்பப் படிக்கத் தோணுச்சோ, எங்க எரிச்சல் வந்துச்சோ, அங்க ஒரு கோடு. அதுல மூணை மட்டும் வெச்சுக்கங்க. 400 சொல்லுக்கு மூணுக்கு மேல தாங்காது. ஒவ்வொண்ணுக்கும் மூணு கேள்வி: எனக்குள்ள என்ன நடந்துச்சு? எந்தச் சொல், எந்த நிறுத்தற்குறி, எந்த வரி முறிவு அதைச் செஞ்சுது? அது வேற மாதிரி இருந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? மூணாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. மதிப்பெண் பெரும்பாலும் அங்கதான் இருக்கு.

உதாரணத்துக்கு 18-வது வரி. 'அண்ட் ஐ' என்று முடிஞ்சு ஒரு நீளக் கோடு. அடுத்த வரி மறுபடியும் 'ஐ' என்றே தொடங்குது. இதைப் பற்றி ஒரு பத்தி இப்படி இருக்கலாம் (சாரத்தைத் தமிழில் தர்றேன், ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்க):

"கடைசி ஸ்டான்சாவில் பேசுபவர் 'நான்' என்று சொல்லி நின்றுவிடுகிறார், பிறகு மறுபடி 'நான்' என்று தொடங்குகிறார். அந்தக் கோட்டில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே நடந்ததைச் சொல்பவர் இங்கே தடுமாற வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய கதையை அந்த ஒரு நொடியில் தேர்ந்தெடுக்கிறாரோ என்று தோன்றியது. ஒரே 'நான்' இருந்திருந்தால் இது வெறும் பெருமையாகத்தான் கேட்டிருக்கும்."

இதில் கதைச்சுருக்கம் ஒரு வரிகூட இல்லை, சொந்தக் கதையும் இல்லை. ஆனாலும் எழுதினவர் உள்ளே இருக்கார்.

'ஐ' தாராளமா போடலாம். ஆனா எல்லா வாக்கியமும் 'ஐ ஃபீல்', 'ஐ திங்க்' என்று ஆரம்பிச்சா சலிப்புத் தட்டும். பத்திக்கு ரெண்டு போதும். மற்ற வாக்கியங்களில் கவிதை எழுவாயாக வரட்டும்: அந்த வரி தயங்க வைக்கிறது, அந்தக் கோடு சந்தேகத்தைக் கிளப்புகிறது, இப்படி.

வரிக்குவரி:
மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. இந்தக் கவிதையில் பத்துக்கு எட்டுப் பேர் விழும் குழி ஒன்று உண்டு. "யாரும் போகாத பாதையில் துணிந்து போ என்று கவிஞர் சொல்கிறார்" என்று எழுதிவிடுவார்கள். 9, 10-வது வரிகளைப் பாருங்கள்: இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருக்கின்றன. 11, 12-ல் இரண்டிலும் மிதிபடாத இலைகள் சமமாகக் கிடக்கின்றன. 'குறைவாக நடக்கப்பட்ட பாதை' என்ற பேச்சு கடைசி ஸ்டான்சாவில்தான் வருகிறது. அதுவும் 'பிற்காலத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பேன்' என்ற எதிர்காலத்தில். இதைக் கவனிக்காமல் அறிவுரையாகப் படித்தால் கவிதையின் பாதி போய்விடும்.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கில இலக்கியத் திறனாய்வாளர், கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, எழுதி வந்ததையெல்லாம் அலசி 1929-ல் ஒரு நூலாக வெளியிட்டார். வாசிப்பு தடம்புரளும் காரணங்களில் இரண்டு உங்களுக்கு நேராகப் பொருந்தும்: மனதில் தயாராக இருக்கும் கருத்தைக் கவிதைமேல் ஏற்றுவது, சொந்த நினைவு கவிதையை விட்டு விலகி ஓடுவது. குரூப் குழப்பம் இரண்டாவது வகை.

நினைவே கூடாது என்பதில்லை. இரண்டு வாக்கியத்துக்குள் முடித்து, மூன்றாவது வாக்கியத்தில் வரிக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நினைவு இருப்பதால் வரியில் முன்பு தெரியாத ஏதோ தெரிய வேண்டும். தெரியவில்லையா, நினைவை அடித்துவிடுங்கள்.

உவமை, மோனைப் பட்டியல் தேவையே இல்லை. 'ஏபிஏஏபி' என்ற இயைபு அமைப்பை (1, 3, 4-வது வரிகளின் முடிவு ஒரே ஓசை, 2, 5-வது வரிகளின் முடிவு வேறோர் ஓசை) குறிப்பிட்டு நிறுத்தினால் அதற்கு ஒரு பயனும் இல்லை.

மழைத்தூறல்:
ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். கவிதை எனக்கு அவ்வளவா பிடிக்கலைன்னா அதை எழுதலாமா? நோட்ஸில் இருக்கிற விளக்கத்துக்கு மாறா எழுதினா தப்பாயிடுமா?

அடிக்கோடு:
பிடிக்கலைன்னு எழுதலாம், ஆதாரம் அதே அளவு வேணும். 'போரிங்' என்பது ஆதாரம் இல்லை. 'நைஸ்', 'பியூட்டிஃபுல்', 'இன்ட்ரஸ்டிங்' மூணும் அதே ரகம்தான். என்ன வகையான சலிப்பு, எந்த வரியில் தொடங்குச்சு, அங்கிருந்து எழுதுங்க.

நோட்ஸுக்கு மாறா எழுதுறது தப்பில்லை. உங்க வாசிப்பு 20 வரிக்கும் ஒத்து வரணும், அவ்வளவுதான். ஒரு வரி இடிச்சா மறைக்காதீங்க, அந்த வரியைப் பற்றியே எழுதுங்க. பெரும்பாலும் அதுதான் தாளிலேயே நல்ல பத்தியா வரும்.

வரிக்குவரி சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு: வடிவத்தை மொத்தமா ஒதுக்க வேண்டாம். முதல் முற்றுப்புள்ளி எங்க வருதுன்னு தேடிப் பாருங்க. 12-வது வரி முடிவில். மூணு ஸ்டான்சாவைத் தொட்டு ஒரே வாக்கியம், இதுவா அதுவான்னு அலைஞ்சுகிட்டே போகுது. மூச்சு வாங்கினா அதை எழுதுங்க, வடிவம் தானா வந்துடும். இன்னொண்ணு: முதல் வரியில் காடு மஞ்சள் நிறம். 18-வது வரியில் அதே வாக்கியம் திரும்ப வரும்போது 'மஞ்சள்' காணாமப் போயிருக்கு. ஏன்னு யோசிங்க, விடை சொல்ல மாட்டேன்.

சொல் கணக்கு: தொடக்கம் 50, மூணு இடத்துக்கும் தலா 100, முடிவு 50. தொடக்கத்தில் ஃப்ராஸ்ட் பிறந்த ஊர், வாங்கின பரிசு எதுவும் வேண்டாம். முடிவில் "இக்கவிதை நமக்குக் கற்பிப்பது" வேண்டாம். முதல் வாசிப்புக்கும் கடைசி வாசிப்புக்கும் நடுவுல உங்க எண்ணம் எங்க மாறுச்சுன்னு எழுதினா போதும்.

மேற்கோள் மூணு முதல் ஆறு சொல், உங்க வாக்கியத்துக்குள்ளேயே இழைஞ்சு வரணும். முழு ஸ்டான்சாவை எடுத்துப் போட்டா சொல்தான் வீணாகும். கவிதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுங்க. பேசுறவரை 'ஸ்பீக்கர்'னு சொல்லுங்க, ஃப்ராஸ்ட்னு சொல்லாதீங்க.

மழைத்தூறல்:
முதல் வாக்கியம் இப்படி வெச்சிருக்கேன், சரியா? "இந்தக் கவிதை வாழ்க்கையின் தேர்வுகளைப் பற்றிய மிக ஆழமான கவிதை."

பென்சில்முனை:
கவிதையைப் படிக்காதவரும் எழுதக்கூடிய வாக்கியம். நீங்க கோடு போட்ட மூணு இடத்தில் ஒண்ணோட தொடங்குங்க: "10-வது வரிக்கு வந்ததும் இரண்டாவது ஸ்டான்சாவை மறுபடி முதலிலிருந்து படித்தேன்." ஏன் திரும்பிப் போனீங்க என்பதுதான் அடுத்த வாக்கியம்.